வாங்காமல் விட்ட மூன்றாவது டப்பா

ஒரு அதட்டலில் மில்லையே திரும்பிப் பார்க்க வைத்த என் நைனாவுக்கு,

உன் பேத்தி பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அன்றைக்குப் பெண் பார்க்க வந்தார்களே, அதே இடம்தான். பத்திரிகையில் உன் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டிருக்கிறான் அண்ணன். நீ உயிரோடு இருந்தபோது அந்த வீட்டில் உன் பெயரை இத்தனை மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதை நீ மட்டும் படித்தால் போதாது, நைனா. நாலு பேர் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டினாய். மேலே கூண்டில் உட்கார்ந்து நீ போடும் சத்தம், கீழே இரும்பு உருளும் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும் என்பார்கள். வேலையிலிருந்து நின்றதும் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. மேலே ஒரு மெல்லிய துணி. சளி வந்து துளையை அடைத்தால் யாராவது உடனே எடுத்துவிட வேண்டும். இதை டாக்டர் அண்ணனையும் அண்ணியையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு போன்தான் உன் வாய். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பேசுவாய். 'நாஷ்டா ஆச்சா', 'மழை வருது, துணி எடுங்க'. நான் வேலை செய்யும் கம்பெனியில் ஷிப்டுக்குள் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள். முடித்து வந்து பார்த்தால் எனக்கென்று தனியாக நாலைந்து வரி காத்திருக்கும்.

புதுவாயலில் நெடுஞ்சாலைக்குப் பின்னால், ரயில் பெட்டி மாதிரி நீளமான அந்த வீட்டை நீதான் கட்டினாய். லாரிச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று சுவர்களை அத்தனை கனமாக எழுப்பினாய். பிறகு அண்ணன் பெயருக்கு எழுதியும் கொடுத்தாய். ஆபரேஷன் முடிந்து நீ திரும்பி வந்த கொஞ்ச நாளில் உன் கட்டில் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குப் போனது.

"மாமா இருமுற சத்தம் கேட்டா வர்றவங்க காப்பிய வச்சிட்டு எழுந்து பூட்றாங்க" என்றார் அண்ணி. "பின்னால இருந்தா அவருக்கும் நிம்மதி, நமக்கும் பேஜாரு இல்ல."

அந்த அறைக்கு டவர் சிக்னல் வராது. பக்கத்தில் இரும்புத் தகடு போட்ட பெரிய குடோன். ஹாலில் இருந்த வைஃபை சமையலறைச் சுவரைத் தாண்டாது. உன் கட்டிலில் போய் நீ படுத்தால் மறுபடியும் ஊமைதான்.

நீ அழவில்லை, கோபப்படவில்லை. பல டப்பாக்களை வைத்து வீடு முழுக்க சிக்னல் தரும் மெஷ் வைஃபை பற்றிப் படிக்க ஆரம்பித்தாய். காலையெல்லாம் ஹாலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து வீடியோவாகப் பார்த்தாய். போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து, சிக்னல் எங்கே குறைகிறது, எங்கே சாகிறது என்று பார்த்தாய். சிக்னலை நீட்டித் தரும் மலிவான கருவி ஒன்றை வாங்கலாமே என்று நான் கேட்டதற்கு, உனக்கே உரிய மாதிரி பதில் போட்டாய். 'அது வேணாம். பாதி வேகம் பூடும். மெஷ்னா ஒரு டப்பா இன்னொரு டப்பாகிட்ட கை மாத்தி உடும். நம்ம மில்லுல கிரேன் இரும்ப கை மாத்தற மாதிரி. நடந்துக்கினே பேசலாம், கட் ஆவாது.'

நடந்துகொண்டே பேசலாம். குரல் போனவன் எழுதிய வரி இது.

கடைசியில் மூன்று டப்பா இருக்கிற ஒரு செட்டைத் தேர்ந்தெடுத்தாய். ஹாலில் ஒன்று, மாடியில் அண்ணனின் லாரி புக்கிங் அறையில் ஒன்று, சமையலறையைத் தாண்டி உன் அறை வாசலில் ஒன்று. அண்ணனும் சரி என்றான்.

பெட்டி வந்த அன்று எனக்கு வார விடுமுறை. நானும் அங்கே இருந்தேன். அண்ணன் பிரித்து இரண்டு வெள்ளை டப்பாக்களை மேசைமேல் வைத்தான். நீ பெட்டியை உன் பக்கம் இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தாய். பிறகு கையை விட்டுத் தடவினாய். அட்டையைத் தூக்கினாய். அடியில் ஒன்றுமில்லை.

"ரெண்டு போதும். ஹால்ல ஒண்ணு, மேல ஒண்ணு" என்றான் அண்ணன். "பின்னால யாரு கீறாங்க?"

நீ அவன் எதிரில் நின்றுகொண்டிருந்தாய்.

"நைனா கீது இல்ல?" என்றேன் நான்.

"அது யார்கிட்ட பேசப் போவுது? குட் மார்னிங் படம் அனுப்பறதுக்கு ஒரு டப்பாவா?"

அப்போது எங்கள் எல்லோர் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன. குரூப்பில் நீ எழுதியிருந்தாய். 'நான் கீறேன்.'

அண்ணன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஒயரைச் சொருகப் போனான். மூன்றாவதை நான் வாங்கித் தருகிறேன் என்று அவன் பின்னாலேயே போனேன். "என் ஊட்டுல இன்னா வைக்கணும்னு எனக்குத் தெரியும், நீ உன் ஊட்ட பாரு" என்றான். நீ என் கையைப் பிடித்து இழுத்து உன் போனைக் காட்டினாய். 'சண்டை வேணாம்' என்று இருந்தது.

ஆளைக் கூப்பிட உனக்கு ஒரு கைமணி வாங்கிக் கொடுத்தார் அண்ணி. நீ அடித்தாய். "பூசாரியாட்டம் எந்நேரமும் அடிச்சிக்கினே கீறாரு" என்று அவரே எடுத்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஸ்பூனால் கட்டில் காலைத் தட்டினாய்.

பெண் பார்க்க வந்த அன்று சாயங்காலம் சமையலறையின் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். உன் இருமல் ஹாலுக்குக் கேட்கக்கூடாது. வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், பவித்ராவைப் பிடித்திருக்கிறது என்றார்கள், பேசிச் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். அதன் பிறகுதான் கதவு திறந்தது. ஷிப்டு முடிந்து வெளியே வந்த என்னிடம் பக்கத்து வீட்டுத் தனசேகர்தான் போனில் சொன்னார். "நைனா பூட்டாரும்மா. வா."

நான் வந்து நின்றபோது உன்னைப் பின்னாலிருந்து தூக்கிவந்து ஹாலில் பாயில் கிடத்தினார்கள். உன் விரல்களிலிருந்து போனைப் பிரித்தெடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்திருந்த தனசேகர், அதை எடுத்து உன் தலைமாட்டில் வைத்தார். ஹாலுக்கு வந்ததும் அதற்கு வைஃபை கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

முதலில் அண்ணன் போன் சத்தம் போட்டது. பிறகு அண்ணியுடையது, பவித்ராவுடையது, என்னுடையது. அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். நான் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நீதான்.

'சளி அடைக்குது. அவங்க போனப்புறம் வந்தா போதும்.'

'யாராவது வாங்க.'

'இப்பவே.'

'கதவு'

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கதவுக்குப் பிறகு என்ன எழுத நினைத்தாய், நைனா?

"யாராவது அந்த போனை ஆஃப் பண்ணுங்கடா" என்றான் அண்ணன். கத்தவில்லை. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிற மாதிரி சொன்னான். "எப்ப அனுப்பனதோ இன்னாவோ" என்று அண்ணி பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். மறுநாள் குரூப்பிலிருந்து உன்னை எடுத்துவிட்டான். போனை எனக்குக் கொடு என்றேன். "பழசு, எடுத்துக்கினு போ" என்றான்.

இப்போது உன் அறையில் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இரண்டு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். பார்க்க வந்தபோது அவர்கள் முதலில் கேட்டது நெட் வருமா என்றுதான். அந்த வாரமே அண்ணன் மூன்றாவது டப்பாவை வாங்கி மாட்டிவிட்டான். "நெட் இல்லன்னா எவன் வாடகைக்கு நிப்பான்?" என்றான் என்னிடம். நான் அந்த அறையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். எந்த மூலையிலும் குறையவில்லை. நீ தேர்ந்தெடுத்தது சரியான செட்தான்.

போன வாரம் பவித்ரா கூப்பிட்டாள். அழுதாள்.

"அத்த, அன்னிக்கி காப்பித் தட்டு எடுத்துக்கினு போறப்ப தாத்தா கட்டில தட்டற சத்தம் கேட்டுச்சி. நான் நின்னேன். அம்மா, 'திரும்பாத, போ'ன்னாங்க. நான் இன்னா பண்ணியிருக்கணும் அத்த?"

'சின்னப் பெண், நீ என்ன செய்வாய்' என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். நீயாக இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பாய், பக்கத்தில் ஒரு பூப்படத்தையும் போட்டிருப்பாய். நான் சொல்லவில்லை.

"திரும்பியிருக்கணும்" என்றேன். வைத்துவிட்டேன்.

உனக்கு என்மேல் வருத்தமாக இருக்குமா? இருந்தால் இருக்கட்டும். நீ எல்லோரையும் பொறுத்துக்கொண்டு என்ன கண்டாய்?

அன்றைக்கே உன் போனுக்கு ரீசார்ஜ் செய்தேன். குரூப்பில் ஆளைச் சேர்க்க எனக்கும் உரிமை இருக்கிறது. உன்னை மறுபடி சேர்த்தேன். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அண்ணி மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா கலா இது, அவரு பேரு மேல வந்தா பயமா கீது." "அவரும் நம்ம குடும்பந்தானே அண்ணி" என்றேன். மறுபடி எடுக்க அண்ணனுக்குக் கை வரவில்லை.

கல்யாணத்துக்குப் போவேன், நைனா. அத்தை முறைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் குறையில்லாமல் செய்வேன். தாலி கட்டி முடிந்ததும் அண்ணன் குரூப்பில் படங்களாகப் போடுவான். ஒவ்வொன்றையும் உன் போனில் திறப்பேன். பதில் போடமாட்டேன், ஒரு எழுத்துகூட. யார் யார் பார்த்தார்கள் என்று அவன் தட்டிப் பார்க்கும்போது, பார்த்தவர்கள் வரிசையில் உன் பெயரும் நிற்கும். வளைகாப்புப் படத்துக்கும் நிற்கும், பேரன் பேத்தி படத்துக்கும் நிற்கும். நான் இருக்கிறவரை அந்தப் போனில் சார்ஜ் தீராது. உன்மேல் சத்தியம்.

உன் வரிக்குக் காத்திருந்தே பழகிப்போன மகள்,
கலா