அம்மன் கொடைக்கு வைத்த பிளக்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. எனக்கும் போனில் பேச்சு வராது. அதனால் எழுதி, உன்னோடு படிக்கும் சாஜிதாவிடம் கொடுத்து விடுகிறேன்.

உங்கள் நர்சிங் காலேஜின் அங்கீகாரம் ரத்தானதை அவள்தான் சொன்னாள். திருநெல்வேலியில் வேறு காலேஜில் சேர்த்துக்கொள்வார்களாம், ஆனால் மறுபடி முதல் வருஷத்திலிருந்து படிக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். நீ வீட்டில் சொல்லவே மாட்டேன் என்கிறாயாம்.

இங்கே அம்மன் கொடைத் திருவிழாவுக்கு அப்பா பிளக்ஸ் வைத்திருக்கிறார். உன் படம், கீழே 'செவிலியர்'. அதைப் பார்த்துவிட்டு பேச்சித்தாய் சித்தி, "ஏட்டி, கொடைக்கு உங்கக்கா வந்தா எனக்குத்தான் மொத ஊசி. வலிச்சுதுன்னா பிளக்ஸக் கிழிச்சிருவேன்" என்று சிரித்தார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நேற்று அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். "நீ படிக்கலன்னு அவ மேல பொறாமையில சொல்லுதியா?" என்று கேட்டார். பிறகு சாஜிதாவின் அப்பாவுக்குப் போன் செய்தார். அவரும் அதையேதான் சொன்னார். பிளக்ஸை இறக்கிவிடவா என்று மாமா கேட்டதற்கு, "இருக்கட்டும் மாப்ள. நர்ஸாவாம எங்க போயிருவா? கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான" என்றார்.

வியாழக்கிழமை காலையில் உன் ஹாஸ்டலுக்கு வருகிறார். வெளியே வந்து அவரைப் பார். என்னை அப்படிக் கேட்டதை நீ மனதில் வைக்காதே.

என்னோடு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு வந்துவிடுவதாகச் சாஜிதாவிடம் சொன்னாயாமே. கணக்குப்பிள்ளை தினமும் ஆள் கேட்கிறார். என் பக்கத்து இடமும் காலிதான். ஆனால் உன்னை அங்கே உட்கார விடமாட்டேன்.

உன் தங்கச்சி