கரடிக்கு யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. ஆள் வைத்து எழுதவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். நம்பாவிட்டால் எழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக எழுத வேறு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் ஆகிறது. அதனால் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுக் கிழி. உன் அக்காள் நலம். முழங்கால்தான் மடங்க மறுக்கிறது. வாய் முன்பைவிட நன்றாக இருக்கிறது. உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

எழுபத்திரண்டு வயதில் இவருக்கு என்ன கிறுக்கு என்று நினைப்பாய். நூலக மாடியில் மதியம் வகுப்பு நடத்துகிறார்கள். பதினோரு பேர் படிக்கிறோம். என் பக்கத்தில் துணி தேய்க்கும் அம்மாள், அவருக்கு அடுத்து ஒரு லாரி ஓட்டுநர். நாற்பது வருடம் அம்புக்குறியை மட்டும் பார்த்தே ஓட்டினாராம். உன் அக்காள் கல்யாணமான வருடமே சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். பெண்டாட்டியிடம் சிலேட்டை நீட்ட என் வீம்பு விடவில்லை. இப்போது தெருவில் நடந்தால் கழுத்து வலிக்கிறது, மச்சான். ஒரு பலகை விடாமல் வாசிக்கிறேன். மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் எனக்குத் தெரியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வாசிக்க வந்ததும் ஒரு வேலை வைத்துக்கொண்டேன். நான் கைநாட்டு வைத்த தாள்களையெல்லாம் எடுத்து, எதற்கு வைத்தேன் என்று பார்ப்பது. தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில், முன்பக்கம் கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது என்று இருக்கிறது. முப்பது வருடமாகக் காயப்போடுகிறோம். உன் அக்காளிடம் காட்டினால், "தெரியும். சொன்னா அன்னைக்கே கொடிய அவுத்திருப்பீங்க" என்கிறாள்.

அதே பெட்டியில் உன் மகளின் கல்யாணப் பத்திரிகையும் இருந்தது. போன வருடம் அது வந்தபோது, "குடும்பத்தோட வரச் சொல்லியிருக்கான், எனக்குத்தான் முழங்கால் முடியல" என்றாள் உன் அக்காள். நானும் நம்பினேன். இப்போது உறையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. உறையின் பின்பக்கம் இருந்த உன் முகவரியை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பெட்டியில் இல்லாத கைநாட்டு ஒன்று பாக்கி இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் மிருகக்காட்சிசாலை விசாரணையில் வைத்தது. அதன் நகல் வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு போனேன். ஜன்னலில் இருந்தவர் மனுவை வாங்கினார், என் முகத்தைப் பார்த்தார், மைப்பெட்டியைத் தள்ளினார். "ரேகை வைங்க பெரியவரே" என்றார். நான் மைப்பெட்டியை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் பின்னால் நின்ற ஒருவன், "என்ன தாத்தா, கதை எழுதுறீங்களா?" என்று கேட்டுவிட்டான். "ஆமா, பெரிய கதை. நில்லு" என்றேன். ஒரு சுழிகூட அவசரப்படவில்லை.

நகல் கிடைத்தது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். 'விலங்குகள் தாமாகப் போதையை நாடுவதில்லை என்பதை அனுபவத்தால் அறிவேன். பெண் கரடிக்குப் பராமரிப்பாளரே மது கொடுத்ததை நேரில் கண்டேன். அவர் என் மைத்துனர் என்றபோதிலும் உண்மையை மறைக்க விரும்பவில்லை.' அதன் கீழே என் கட்டைவிரல்.

மச்சான், 'நாடுவதில்லை' என்று நான் பேசி நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா?

அன்று நான் என்ன சொன்னேன் என்பதை நீ என் வாயால் கேட்டதே இல்லை. இப்போது கேள். நம் பெண் கரடி சீமாட்டி தள்ளாடி அகழியில் விழுந்து முன்காலை உடைத்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். வாயில் சாராய நெடி என்று மருத்துவர் எழுதினார். அவளுக்குத் தீனி வைப்பவன் நீ. நீ குடிப்பாய் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு அது போதும். கூண்டு கழுவுகிறவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். நின்றுகொண்டே சொன்னேன். "சார், அத்தி மரத்துக் கிளை கூண்டுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குது. பழம் உள்ள விழுது. இவ அதை அப்பவே தின்ன மாட்டா. தண்ணித் தொட்டிக்குப் பின்னால குழியில தள்ளி வைப்பா. நுரைச்சு வந்தப்புறம்தான் திம்பா. தினமும் கழுவுறவன் நான், என் மூக்குக்குத் தெரியாதா?" என்றேன். அந்தக் குழியை மட்டும் கழுவாமல் விட்டது என் தப்பு, அவளுக்கும் ஒரு ஆசை இருக்கட்டும் என்று விட்டேன் என்றும் சொன்னேன். உன்னைப் பற்றிக் கேட்டபோது, "குடிப்பான் சார். ஆனா கரடிக்குக் குடுக்குற அளவுக்குப் புட்டியில மிச்சம் வைக்கிற ஆளா அவன்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். எழுத்தர் தாளை நீட்டினார். வைத்தேன்.

கிளையை வெட்டச் சொல்லி நீ இரண்டு முறை அலுவலகத்தில் கேட்டாய், நினைவிருக்கிறதா? கிளைமேல் தப்பு என்றால் வெட்டாதவர்கள்மேல் தப்பு. அதனால் கிளை தப்பித்தது, நீ மாட்டினாய்.

அன்று மத்தியானம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாத்தையும் சொன்னது நீங்கதானா அத்தான்?" என்று கேட்டாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஆமா, நான்தான். வேற யாரு சொல்லுவா?" என்றேன். பெருமையாகச் சொன்னேன், மச்சான். உன் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துச் சொன்னேன். நீ அப்படியே திரும்பி நடந்தாய். உன் அக்காள் கரண்டியோடு தெருமுனைவரை உன் பின்னால் ஓடினாள். வேலை போன ஆத்திரம், எங்கள் முகத்தில் விழிக்கக் கூச்சம், அதனால்தான் வரவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்தத் தாளை உன்னிடம் காட்டியிருந்தார்கள் என்பதும், நீ எதைக் கேட்டாய், நான் எதற்கு ஆமாம் என்றேன் என்பதும் போன மாதம்தான் எனக்குப் புரிந்தது.

என் குற்றம் ஒன்று உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எரிந்து விழுவார்கள் என்று பயம். என் பயத்துக்கு உன் வேலை போனது. இதற்கு நான் சாக்குச் சொல்லப்போவதில்லை.

இப்போது எனக்குப் பயம் இல்லை. சீமாட்டி உயிரோடுதான் இருக்கிறாள். பாதிப் பல் போய்விட்டது, காலை இழுத்து நடக்கிறாள். கிளையும் அப்படியே இருக்கிறது. இது பழக் காலம். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தேன். நோட்டில் உள்ளபடி சொல்கிறேன். முதல் நாள் ஏழு பழம் விழுந்தது. ஐந்தை முன்காலால் உருட்டிக் குழிக்குக் கொண்டுபோனாள். இரண்டாம் நாள் மோந்து பார்த்தாள், தொடவில்லை. நான்காம் நாள் குழியிலேயே தலையை வைத்துத் தின்றாள். பிறகு மல்லாந்து படுத்துத் தன் காலைத் தானே நக்கிக்கொண்டு கிடந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆறாம் நாள் குழிப் பக்கமே போகவில்லை. ஏழாம் நாள் விடிந்ததும் நேராக அங்கேதான். கூட இருக்கும் இளைய கரடி விழுந்த பழத்தை உடனே தின்கிறது. குழியில் மூக்கை வைத்தால் தும்மிவிட்டு ஓடுகிறது.

இப்போதைய மருத்துவர் ஒரு சின்னப் பெண். பெஞ்சில் வந்து உட்கார்ந்து வாதாடினாள். "பசிக்குத்தான் போகும் பெரியவரே. ரொம்பப் பழுத்ததுல மணம் தூக்கலா இருக்கும். போதைக்குன்னே தேடிப் போகுதுன்னு சொல்லிடக் கூடாது. மிருகங்கள பத்தி இந்த மாதிரி நெறையக் கதை சுத்துது, பாதி சும்மா" என்றாள். நான் தீனித் தொட்டியைக் காட்டினேன். "ரொட்டியும் கேரட்டும் ரொம்பி வழியுது. பசிச்சவ இதை விட்டுட்டு நொண்டிக்கிட்டு அங்க ஏம்மா போறா?" என்றேன். அவள் நோட்டை வாங்கி முழுதும் வாசித்தாள். ஆறாம் நாள் ஏன் போகவில்லை என்று கேட்டாள். "அவளைத்தான் கேக்கணும். எங்க மச்சானும் சில நாள் தொட மாட்டான்" என்றேன். சிரித்துவிட்டாள். எல்லாக் கரடியும் இப்படி என்று எழுத மாட்டேன், இந்தக் கரடி இப்படிச் செய்ததைப் பார்த்தேன் என்று எழுதுகிறேன் என்றாள். அவளும் நான்கு நாள் வந்து பார்த்தாள். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எனக்கு அது போதும். எல்லா மிருகமும் தேடிப் போகும் என்று நானும் சொல்லவில்லை. நம் பிரிவில் பத்துப் பேர் இருந்தோம். குடித்தது நீயும் யானைக்காரரும். அதை வைத்து மனிதர்கள் குடிப்பார்கள் என்று எழுதுவதா, குடிக்க மாட்டார்கள் என்று எழுதுவதா? யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். அதைத்தான் அன்று ஒருவரும் செய்யவில்லை.

புதிய கண்காணிப்பாளரின் கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று எழுதியிருந்தது. வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். "பதினாலு வருஷத்துக் கோப்பு. இப்பத் தோண்டி என்ன ஆகப்போகுது?" என்றார். "நீங்க தோண்ட வேணாம் சார், நான் தோண்டிட்டேன். நீங்க வாசிச்சாப் போதும்" என்றேன். மூன்று நாள் அலையவிட்டார். நான்காம் நாள் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கேட்டால் கோப்பைத் திறக்கிறேன் என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார். சத்தமாக வாசித்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். அதையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

பழம் இன்னும் மூன்று வாரம் விழும். அதற்குள் வா. அவர்கள் உன்னைப் பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, குழியைப் பார்த்து, அன்று தாங்கள் எழுதியது பொய் என்று எழுத வேண்டும். நீ வராவிட்டாலும் நான் விடப்போவதில்லை. தினமும் போய் உட்காருவேன். சீமாட்டிக்கு என்னை அடையாளம் தெரிகிறது என்று நினைக்கிறேன். உன்னைத் தெரியுமா என்று பார்க்கவும் ஆசையாக இருக்கிறது.

இந்தக் கடிதம் உன் அக்காளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். உறையில் உன் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். யாருக்கு, எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "அவன் பேருல ஒரு கொம்பு விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

வர முடியாவிட்டால் ஒரு வரியாவது எழுது. திட்டி எழுது, பரவாயில்லை. எழுத்தை மட்டும் பெரிதாக எழுது. யார் கையிலும் கொடுக்காமல் நானே வாசிப்பேன். நீயும் உன் பிள்ளைகளும், நான் முகம் பார்க்காத உன் மருமகனும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலையும் வைத்திருக்கிறேன். உன்னிடம் அந்தத் தாள் இருந்தால் சேர்த்து வைத்துப் பார். விரல் அதே விரல்தான். இந்த முறை அதற்கு மேலே எழுதியதும் நான்தான்.