சிமென்ட் வைத்த பெட்டி

விழுப்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

மணிமாறனுக்கு,

மாசிலாமணி எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பதை வியாழக்கிழமை நேரிலேயே பார்த்துவிட்டதால் அதை விசாரிக்கவில்லை. போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ சிரிப்பாய். பன்னிரண்டு வருடம் ஒரே கம்ப்யூட்டர் கடையில் கூட்டாக உட்கார்ந்த பழக்கத்தில் நானும் சிரித்துவிடுவேன். அப்படிச் சிரித்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அன்று நீ என்னை முழுதாகப் பேச விடவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

திருவாமாத்தூர் ஜெசிந்தாவை நீ பார்த்ததில்லை. கட்டப்போகும் வீட்டின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக வரைந்து கொடுக்கிற பெண். இங்கே நாலைந்து இன்ஜினியர்கள் அவளிடம்தான் கொடுக்கிறார்கள். ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி அதில் வேலை செய்துவந்தாள். ஒரு படம் முடிய அரை நாள் ஆகிறது, கிராபிக்ஸ் கார்டு போட்டால் வேகம் வருமா அண்ணா என்று கேட்டாள். வரும், ஆனால் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற உன் பழைய எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டைத் தாங்காது, இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றேன். சரி என்றாள். உன்னிடம் சொன்னேன். நீ திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பினாய்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கையில் வாங்கியதும் நல்ல கனம். கனம் இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்பது நம் இருவருக்கும் பழைய நம்பிக்கை. வயர்கள் மட்டும் மெலிந்து இருந்தன. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டும், மணிமாறன் அனுப்பியதுதானே என்று மாட்டினேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

நாலாம் நாளே அவள் போன் செய்தாள். படம் பாதியில் நின்று திரை கருத்துப்போகிறது என்றாள். நான் போய்ப் பார்க்கவில்லை. உங்கள் பக்கம் வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அதை நம்பி, கரண்ட் ஆபீசுக்கு நடந்துபோய் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பெட்டியிலிருந்து புகை வந்து, பின்பக்கம் தீப்பிடித்தது. மேசையில் விரித்திருந்த வரைபடங்களுக்கும் தாவிவிட்டது. அவள் அம்மா வீரம்மாள் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்திருக்கிறார். ஜெசிந்தா அம்மாவைத் தள்ளிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தாள், பிறகு சாக்கைப் போட்டு அமுக்கினாள். தள்ளியதில் அந்த அம்மா நிலைப்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கரண்ட் ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் மணிக்கட்டோடு போயிருக்காது.

பெட்டியைக் கடைக்கு எடுத்து வந்து திறந்தேன். உள்ளே கால்வாசி இடத்துக்குத்தான் சாமான். மீதி இடத்தில் சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு சிமென்ட் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நான் கனம் பார்த்தது அந்தச் சிமென்டைத்தான். மேலே ஐந்நூறு வாட் என்றிருந்த ஸ்டிக்கர் சூட்டில் உரிந்து, அடியில் இருநூறு என்ற பழைய ஸ்டிக்கர் தெரிந்தது. கார்டும் அப்படித்தான். பெயர் புதிது, உள்ளே இருப்பது பத்து வருடப் பழசு. கம்ப்யூட்டரே ஏமாந்து புதுப் பெயரைக் காட்டும்படி மாற்றி வைத்திருந்தார்கள். கருகிய நாற்றம் சட்டையில் ஏறிவிட்டது.

அப்போதும் உன்னையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் வியாழக்கிழமை பஸ் ஏறினேன். எச்சரிக்கத்தான் வந்தேன்.

அந்தச் சிமென்ட் துண்டை உன் மேசைமேல் வைத்தேன். உன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாய். "விடு மாசி, இத்தப் போயி பேஜாரு பண்ணிக்கினு. கம்மியா கேக்குறாங்க, அதுக்கேத்த மால் குடுக்குறோம்" என்றாய். வீரம்மாளின் கையைப் பற்றிச் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டாய். திருவாமாத்தூர் காலனி என்றதும், "அந்தத் தெரு ஆளுங்கதான, யாரு வந்து கேட்டுடப் போறாங்க" என்றாய்.

நானும் அப்படி ஒரு தெருவில் பிறந்தவன் என்று உனக்குத் தெரியும். என் தங்கை கல்யாணத்துக்கு அந்தத் தெருவுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நீ. அந்த வார்த்தையை என் முகத்தைப் பார்த்தபடிதான் சொன்னாய். என்னை அதில் சேர்க்காமல் சொன்னாயா, சேர்த்தே சொன்னாயா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். 

அதற்குமேல் ஒன்று. உன் மனைவி கவிதா வீட்டுக்குள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தது. உன் மகள் இளவரசி கம்ப்யூட்டரில் படித்துக்கொண்டிருந்தாள். சூட்டுக்காகப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தாய் அல்லவா, உள்ளே தெரிந்தது. அசல் எஸ்எம்பிஎஸ். தடித்த வயர். நாம் கடை வைத்திருந்தபோது நல்ல வாடிக்கையாளர்களுக்கென்று தேடி வரவழைப்போமே, அதே சாமான். அங்கே பிள்ளை கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எது தீப்பிடிக்கும், எது பிடிக்காது என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அந்தச் சிமென்ட் பெட்டியை ஜெசிந்தா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். கவிதா தவறாக நினைத்திருக்கும். கவிதா மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை என்று சொல்.

வெள்ளிக்கிழமை திருவாமாத்தூர் போனேன். ஜெசிந்தாவின் மதர்போர்டு போய்விட்டது, படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டது. கடையில் நான் வேலை செய்கிற கம்ப்யூட்டரையே கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். வோல்டேஜ் என்று சொன்னது பொய், பார்க்காமல் சொன்னேன் என்று வீரம்மாள் முன்னாலேயே ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் திட்டவில்லை. "தொறந்து பாக்க எவ்ளோ நேரம்ணா ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். பத்து நிமிடம் என்றேன். பிறகு, "இனிமே வேற ஆள வச்சிப் பாத்துக்குறேண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். கட்டுப் போட்ட கையோடு வீரம்மாள் வாசல் வரை வந்து, பார்த்துப் போங்க என்றார். திட்டியிருந்தால் தேவலை.

உன்னிடம் வாங்கியதில் இன்னும் ஆறு பெட்டி மாட்டியிருக்கிறேன். இரண்டு நாளில் நாலு வீடு போய்விட்டேன். நாலிலும் சிமென்ட். திருவெண்ணெய்நல்லூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோ, கண்டமங்கலத்தில் ஒரு வீடு, இரண்டும்தான் பாக்கி. போனில் சொல்லி இரண்டையும் அணைத்துவைக்கச் செய்துவிட்டேன், நாளைக்குப் போகிறேன். ஒவ்வொரு இடத்திலும் நான்தான் மாட்டினேன் என்று சொல்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற அல்ல. மாட்டியது என் கை.

நீ நேராக விற்றவர்களை எனக்குத் தெரியாது. கிளியனூர் பக்கம் நிறையப் பேர் உன்னிடம்தான் வாங்குகிறார்கள் என்று கேள்வி. அவர்களுடைய நம்பர் உன் போனில் இருக்கும். நான் போலீசுக்கும் போகவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் நீ மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். இனி உன் கடைப்படி ஏற மாட்டேன், அதனால் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

இளவரசி நன்றாகப் படிக்கட்டும். அவளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று மனதாரத்தான் எழுதுகிறேன்.

அந்த நம்பர்களுக்கு மட்டும் போன் செய். சுவிட்சைப் போட வேண்டாம் என்று சொல். ஏன் என்று கேட்டால் உனக்கு எது வசதியோ அதைச் சொல்லிக்கொள். வோல்டேஜ் என்றுகூடச் சொல். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை மணிமாறா, இன்றைக்கே சொல்லிவிடு.

இப்படிக்கு,
மாசிலாமணி