பிழைத்ததாகச் சொன்ன மூன்று

நேற்று கோலா சுங்கை பாரு சந்தையில் மீன்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்தார். அந்தக் குளிர்ந்த வாடை முகத்தில் பட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இறந்துபோய் நாற்பது நாளாகிறது. மீன் வாங்காமலே திரும்பினேன்.

தொண்ணூறுகளில் உன் அப்பா படுக்கையில் விழுந்தபோது குளிர்நாட்டிலிருந்து ஓடி வந்தாய். மாட்டுத் தீவனப் புல்லில் பனிக்காலத்தைத் தாங்கும் வகையை உருவாக்குவது உன் வேலை. வேலை நிற்கக்கூடாதென்று அனுமதிக் கடிதத்தோடு விதைகளையும் கொண்டுவந்து நாற்று வளர்த்தாய். நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஐஸ் ஆலையில் ஒரு மூலை கேட்டாய். ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

ஒரு நாற்றுத் தட்டு குளிரறையில், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வெளியே நிழலில். "செத்தா சாகட்டும்டி. பாவம் பாத்து எதையும் தொடாத. தாங்குறதுதான் எனக்கு வேணும்" என்றாய். என்ன கல்மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் காரியம் முடிந்ததும் போன் செய்தாய். "ஒண்ணாச்சும் பொழைச்சிச்சா?"

குளிரறையிலிருந்து எடுத்து ஒரு வாரமாகியும் வைக்கோலாகவே கிடந்த நாற்றுகளை அன்று காலைதான் ஆலைக்குப் பின்னால் கொட்டியிருந்தேன். அப்பாவைப் பறிகொடுத்தவளிடம் அதையும் எப்படிச் சொல்வது? "மூணு இருக்குலா, கவலைப்படாத" என்றேன். நிழல் தட்டிலிருந்து மூன்றைப் பிடுங்கி உன் தட்டில் நட்டேன். இரண்டு தட்டிலும் குறைந்ததை ஆடு தின்றுவிட்டதென்று இன்னொரு பொய். நீ அந்த மூன்றையும் பார்த்து அழுதாய். "அப்பா குடுத்துட்டுப் போனதுடி" என்றாய்.

நீ விமானம் ஏறிய மறுவாரம், ஐஸ் தண்ணீர் ஒழுகும் இடத்தில், நான் கொட்டிய தூர் ஒன்றில் பச்சை தெரிந்தது. அடியிலிருந்து துளிர்க்க நாளாகும் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். நான்தான் பொறுக்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் என் பொய்யும் வெளியே வருமே என்று பயந்து எழுந்துவிட்டேன். நாலு நாளில் வெயில் அதை முடித்துவிட்டது.

அடுத்த ஆண்டு உன் கடிதம் வந்தது. அந்த மூன்றிலிருந்து பெருக்கிய பாத்தி முழுவதும் முதல் பனியிலேயே அழுகிவிட்டதாம். "தப்பு என் கண்ணுலதான். இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல" என்று எழுதியிருந்தாய். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் சாமான் சோதிக்கப் போனாய். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டே "நமக்கு ராசியில்லடி" என்று சிரிப்பாய். நான் இன்னொரு முறுக்கை எடுத்து உன் பக்கம் வைப்பேன்.

இப்போது சொல்கிறேன், கேட்க நீ இல்லை. உன் கண்ணில் ஒரு தப்பும் இல்லை. நீ தேடிய புல் பிழைத்தது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.