மேகத்துக்கு ஒரு வாரம் கெடு

இன்று காலை கடையைத் திறந்ததும் கறுப்புத் திரையில் உன் மேகப் படத்தின் பெயரை அடித்தேன். படம் வேண்டாம், அதன் விவரம் சொல்லும் தலைப்பு வரிகள் மட்டும் போதும் என்று கேட்டேன். 'கடைசியாக மாற்றியது' என்ற வரியில் நீ ஏற்றிய தேதி. வேலை ஓடவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மரக்காணத்தில் நாம் நடத்திய பிரவுசிங் சென்டரில் கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். அதனால்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி புதிதாக வாடகைக்கு விட்ட இணையச் சேமிப்பிடத்தில் தினமும் அன்றைய செயற்கைக்கோள் மேகப் படத்தை ஒரே பெயரில் ஏற்றிவைத்தாய். அதைப் பார்த்துத்தான், மழை வருமா என்று கேட்கும் உப்பளத்துக்காரர்களுக்குப் பதில் சொல்வோம்.

அந்த வைகாசித் திங்கட்கிழமை என் அப்பா செல்லில் கூப்பிட்டார். அவருடைய அந்த வருஷத்து உப்பு முழுக்க வரப்பில் அம்பாரமாகத் திறந்து கிடந்தது.

"ஏம்பா, கெழக்கால கருக்குது. ஓலை போட்டு மூடணுமா, ஆளுங்கள அனுப்பிடவா?"

திரையில் கடல் மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. அனுப்பிடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். நீ செல்லைக் கையால் பொத்தினாய்.

"இர்றா. ஜன்னலப் பாரு, படத்தப் பாரு. ஒண்ணாவா இருக்குது?"

"200 ஓகேன்னு வந்திருக்குதுடா. அப்புறம் என்ன?"

"வந்து சேந்துச்சு, அவ்ளோதான் அர்த்தம். எப்போ கெளம்புச்சுன்னு கேளு."

கேட்டோம். மாற்றிய தேதி சனிக்கிழமை! காலையில் நீ ஏற்றிய புதுப்படம் சேமிப்பிடத்தில் பத்திரமாக இருந்தது. நம் கடையின் பெரிய கம்ப்யூட்டர்தான், தான் எடுத்துவைத்திருந்த பழைய பிரதியையே நீட்டிக்கொண்டிருந்தது. காரணம் அடுத்த வரியில்: பிரதியை ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். லைன் மெதுவாக இருக்கிறதே என்று சனிக்கிழமைதான் அந்தக் கெடுவைப் போட்டிருந்தாய்.

உன் முகம் வெளுத்தது. "உப்புக்காரன் புள்ளடா நானு. எங்க வூட்டு சரக்கு ஒரு வாரத்துல கெடாது, அதே நெனப்புல போட்டுட்டேன். மேகம் மீனுடா!"

பிரதி வேண்டாம், புதுசைக் கொடு என்று கேட்டோம். படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. ஆந்திரக் கரை வந்தது. தெளிவு. அப்பா கத்தினார்: "டேய், ஆளுங்க சைக்கிள எடுத்துட்டாங்கடா!" நம் கடல் இறங்கியபோது ஒரே வெள்ளை.

"நிறுத்துங்கப்பா! ஓலை போடுங்க!"

நாமும் ஓடினோம். கடைசி அம்பாரம் பாதி மூடியபோது மழை பிடித்துக்கொண்டது. அது மட்டும் கண்ணெதிரே கரைந்தது. மற்றதெல்லாம் நின்றது. நனைந்த ஓலையைப் பிடித்தபடி, "அந்த ஒண்ணு என்னால போச்சுடா" என்றாய்.

அந்த வருஷம் ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. இப்போது யார் எதைச் சொன்னாலும் அது எப்போது கிளம்பிய சேதி என்று கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

தினப்படத்தை வேறு பெயரில் ஏற்றுகிறேன். "பழசு எதுக்குடா அங்க? எடுத்துடேன்" என்கிறார் அப்பா. எடுக்கவில்லை. உன் படத்தின் பெயரில் ஒருமுறை ஏற்றினால் போதும், அந்த வரியில் என் தேதி வந்துவிடும். அதனால், மாறியிருக்கிறதா என்று மட்டும் தினமும் கேட்கிறேன். 304 என்று பதில் வருகிறது. மாறவில்லை.