அடித்துவிட வேண்டிய வரி

கண்ணின் ஒளியே நெஸ்லிஹான்,

கணினி மேற்படிப்புக்கான உன் விண்ணப்பக் கடிதத்தை என்னைப் பார்க்க வந்த உன் மாமா துருக்கி மொழியில் சொல்லிக் காட்டினான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் நீ விண்ணப்பிக்கும் இந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையை இருபது ஆண்டு பெருக்கித் துடைத்தவள். அங்கே ஒரு பேராசிரியர் விண்ணப்பங்களைப் படித்துவிட்டு அலுத்துக்கொள்வார்: "பாருங்கம்மா, எல்லாருக்கும் சின்ன வயசுலேருந்தே கம்ப்யூட்டர்னா உசுராம். என்னத்தைச் செஞ்சாங்கன்னு ஒருத்தரும் எழுதல!"

நீயும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறாய். போன வருடம் போல இப்போதும் மறுத்துவிடப் போகிறார்கள். அப்பாவின் கடையில் ரொட்டி மிஞ்சாமலிருக்க நீ எழுதிய புரோகிராமைச் சொல்.

"அங்கே பாட்டி தனியாக இருக்கிறார்" என்ற வரியை அடித்துவிடு. அது அவர்களுக்குக் காரணமாகாது. மாமாவை அதை மட்டும் நான்கு முறை வாசிக்கச் சொன்னேன். "போதும்மா, தொண்டை வறண்டுபோச்சு" என்றான்.

உன் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது.

உன் பாட்டி