வீட்டுச் சிர்க்கா

துர்க்கு,
நவம்பர் 5

அன்புள்ள சிர்க்காவுக்கு,

இங்கு நலம். நீயும் உன் தங்கை ரைலியும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தேவாலயச் சபையின் குடும்ப ஆலோசகர் மார்கெத்தா அம்மா சொன்னபடி எழுதுகிறேன். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். "மூணு மாசம் தள்ளி இருங்க. ஃபோன் வேணவே வேணாம். கடிதம் எழுதுங்க, கடிதத்துல யாரும் கதவை அறைஞ்சு சாத்த முடியாது" என்று அவர் சொன்னபோது நீ சிரித்தாய். அன்றைக்குக் கதவை அறைந்தது நான் இல்லை, காற்று. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

மழை விடாமல் பெய்கிறது. கீழ்வீட்டு வெய்க்கோவுக்கு முட்டிவலி. உன் பச்சோந்தி நன்றாக இருக்கிறது. ஹிதாஸ், அதாவது மெதுவானவன் என்று நீ வைத்த பெயர் பொருத்தம்தான். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் நான் நாளிதழை முடித்துவிடுகிறேன். தினமும் தண்ணீர் தெளிக்கிறேன், இரை போடுகிறேன். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. எனக்கே மனசு ஒரு மாதிரியாக இருக்கும்போது வெயில் நாட்டுப் பிராணிக்கு எப்படி இருக்கும்? கூண்டின் மேலிருக்கும் வெயில் விளக்கைக் கீழே இறக்கிக் கட்டினேன். இப்போது அதற்கு மட்டும் கோடைக்காலம்.

காபி வடிகட்டும் காகிதத்தை எங்கே வைத்திருக்கிறாய்?

ரெய்யோ


ஔலு,
நவம்பர் 9

அன்புள்ள ரெய்யோ,

வடிகட்டும் காகிதம் காபி டப்பாவுக்குப் பக்கத்தில், உன் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கண்ணுக்கு நேரே இருப்பதுதானே உனக்குத் தெரியாது.

ஹிதாஸுக்குக் கோடைக்காலம் என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். ரைலிக்கும் படித்துக் காட்டினேன். "உன் புருஷனுக்கு இப்படியெல்லாம் பேச வருமா?" என்றாள். பேச வராது, எழுதத்தான் வருகிறது போலிருக்கிறது. அவனை இங்கே கொண்டுவந்திருப்பேன். இந்தக் குளிரில் ரயிலில் தாங்கமாட்டான், ரைலிக்கோ பல்லியைக் கண்டாலே மயக்கம் வரும்.

கடைக்குப் போய் "வீட்டுச் சிர்க்கா ரெண்டு டப்பா குடுங்க" என்று கேட்க உனக்கு வாய் வந்ததா? அவன் தின்னும் பூச்சிக்கும் எனக்கும் ஒரே பெயர். பிறந்த அன்றே விடாமல் கத்தினேன் என்று சில்வண்டின் பெயரை எனக்கு வைத்த அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். வெளியே வயலில் கத்துவது வெறும் சிர்க்கா, வீட்டுக்குள் வளர்வது வீட்டுச் சிர்க்கா. நான் இப்போது எந்த வகை என்று தெரியவில்லை.

ஒன்றை மார்கெத்தா அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. செப்டம்பரில் முடியைக் காதுவரைக்கும் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தேன். அன்று மாலை முழுக்க உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நீ நாளிதழைப் பார்த்தாய், மழையைப் பார்த்தாய். ஹிதாஸ்தான் ஒரு கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தான். இன்னொரு கண் இரையின் மேல் இருந்தது, இருந்தாலும் பார்த்தான். நான் கிளம்பியதற்குக் கதவு காரணம் இல்லை, ரெய்யோ.

கம்பளிக் காலுறை மேல் தட்டில் இருக்கிறது. போட்டுக்கொள்.

சிர்க்கா


துர்க்கு,
நவம்பர் 14

சிர்க்காவுக்கு,

ஹிதாஸ் கண்ணைத் திறக்கவில்லை.

நேற்றுக் காலை வலது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். மத்தியானம் இரண்டு கண்ணும் மூடியிருந்தன. இமை வீங்கிச் சின்னப் பட்டாணி போல இருக்கிறது. பகலில் பச்சோந்தி கண்ணை மூடினால் நல்லதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். இரையை விட்டேன். சில்வண்டு அதன் கால்மேலேயே ஏறிப் போகிறது, இது அசையவில்லை. கண்ணைக் கிளையில் தேய்க்கிறது. நிறம் மண் மாதிரி ஆகிவிட்டது.

வெய்க்கோ வந்து பார்த்தான். "தார் எண்ணெயும் சாராயமும் சவுனா ஆவிக் குளியலும் கேக்காத நோய்க்கு மருந்தே இல்லைடா" என்றான். "அது பல்லிடா, உன் முட்டி இல்லை" என்று அனுப்பிவிட்டேன்.

ஊர்வன பார்க்கும் டாக்டர் ஒருவர் ஊருக்கு வெளியே இருக்கிறார். நாளைக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். உனக்கு ஃபோன் செய்யலாமா என்று எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். உன் குரல் கேட்டால் எனக்கு வார்த்தை வராது, நீ கோபம் என்று நினைப்பாய்.

நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. நீ எழுதி வைத்தபடிதான் எல்லாம் செய்தேன்.

ரெய்யோ


ஔலு,
நவம்பர் 18

ரெய்யோ,

விளக்கு! விளக்கைத் தூக்கு! இதைப் படித்த கையோடு மேலே கட்டு. அந்த விளக்கு வெறும் வெளிச்சம் இல்லை, கிட்டே வைத்தால் கண்ணைப் பொசுக்கும். நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் படித்துச் சிரித்தேன், எனக்கும் உறைக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. நாலு நாள்! என்ன விதி இது, என்ன ஆலோசனை? உடனே ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் மறுபடியும் செய்தேன், நீ எடுக்கவில்லை. விதியைக் காப்பாற்றுகிறாயா, இல்லை சொல்ல முடியாத செய்தியா?

நாக்கை நீட்டி இரை பிடிப்பவனுக்குக் கண் போனால் வாயும் போனதாகத்தான் அர்த்தம். கண்முன் இரை இருக்கப் பட்டினி கிடப்பான்.

கோபத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன். அந்த வீட்டில் என்னைத் திரும்பிப் பார்த்தது அவன் ஒருத்தன். அவன் கண்ணும் போய்விட்டால் நான் எதற்குத் திரும்பி வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

சிர்க்கா


துர்க்கு,
நவம்பர் 20

அன்புள்ள சிர்க்காவுக்கு,

உயிரோடு இருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விளக்குதான். நீ சொன்னது சரி. டாக்டர் சின்னப் பெண். கோட்டுக்குள் சுடுநீர்ப் பையோடு வைத்து அவனைக் கொண்டுபோனேன். முதல் கேள்வியே, "விளக்கு எவ்வளவு தூரத்துல இருக்கு?" ஒரு சாண் என்று கையால் காட்டினேன். "அய்யய்யோ, ஏன் அவ்வளவு கிட்ட?" "இருட்டா இருந்துது. அதுக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு..." என்றேன். அந்தப் பெண் திட்டவில்லை. அப்புறம், "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள். கப்பல் பட்டறையில் வெல்டர் என்றேன். "அப்ப உங்களுக்கே தெரியும். முகமூடி போடாம வெல்டிங் பண்ணா கண்ணு என்ன ஆகும்? அதேதான் இவனுக்கும்."

எனக்குத் தெரியாதா, சிர்க்கா? கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல இருக்கும். நமக்குக் கல்யாணமான புதிதில் நான் அப்படி வந்து படுத்தபோது ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தவள் நீ. ஆயுசு முழுக்க மற்ற பையன்களிடம் "முகமூடியைப் போடுடா" என்று கத்தியவன், இந்த ஜீவனை அந்த வெளிச்சத்துக்கு அடியில் உட்கார வைத்துவிட்டேன்.

மருந்து மூன்று வேளைக் கண் சொட்டு. அதற்கு முன் உப்புநீர் விட்டுக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வெதுவெதுப்பான தண்ணீர் சாரலாக மேலே விழ வேண்டும். அவன் கண்ணை உள்ளே உருட்டி உருட்டித் தானே கழுவிக்கொள்வானாம். நேராக மேலே பீய்ச்சக் கூடாது. சுவரில் அடித்துத் தெறிப்பதுதான் விழ வேண்டும். அவன் உட்கார ஒரு செடியும் வேண்டும். நம் குளியலறையில் உன் அத்திச் செடி நுழையவில்லை. அதனால் கீழே பொது சவுனாவின் குளிக்கும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. நீ ஃபோன் செய்தபோது அங்கேதான் இருந்தேன். எடுக்காமல் இல்லை.

மற்ற நாட்களில் சவுனா அடுப்பு எரியாது, பிரச்சினை இல்லை. சனிக்கிழமை நம் முறை. அடுப்பின் சூடு அவனுக்கு ஆகாது என்றாள் டாக்டர். அதனால் மூட்டவில்லை. வெய்க்கோ துண்டோடு வந்து எட்டிப் பார்த்தான். "என்னடா, பச்சைத் தண்ணியில பல்லியைக் குளிப்பாட்டுறியா? சனிக்கிழமையும் அதுவுமா!" என்றான். "கதவைச் சாத்துடா, காத்து வருது" என்றேன். மெதுவாகச் சாத்தினான்.

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிரு என்று டாக்டர் சொன்னாள், எந்தக் கண் முதலில் அசைகிறது என்று. பார்க்கிறேன். நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். ஒரு முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை என்று உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. முடி விஷயம் எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதே. தெரியாது, அதுதான் இன்னும் மோசம் என்று இப்போது புரிகிறது.

இன்று காலை இடது இமை நூலளவு திறந்தது. உடனே மூடிக்கொண்டான். உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. இரையை இடுக்கியில் பிடித்து உதட்டில் வைத்தால் வாங்கிக்கொள்கிறான்.

ரெய்யோ


ஔலு,
நவம்பர் 25

அன்புள்ள ரெய்யோ,

நூலளவு திறந்தது என்ற இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. அதற்கு மேல் இன்னும் தெரியாமல் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை அடுப்பை மூட்டவில்லை என்று ஒரு வரியில் எழுதித் தாண்டிப் போயிருக்கிறாய். நம் பையன் பிறந்த அன்றுகூட நீ சவுனாவை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். முகம் சிவந்து, முடி ஈரமாக, ஆவியில் உடம்பில் அடித்துக்கொண்ட பிர்ச் கொத்தின் இலை காதில் ஒட்டிக்கொண்டு. உன் அம்மாவின் சாவுக்கு மறுநாளும் மூட்டினாய். ரைலியிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பல்லிக்காகவா?" என்றாள். "ஆமாண்டி, பல்லிக்காக" என்றேன். அதற்குப் பிறகு அடுப்பங்கரையில் போய்க் கொஞ்சம் அழுதேன்.

போன கடிதத்தின் கடைசி வரிகளை எழுதியிருக்கக் கூடாது. தபாலில் போட்டதும் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை.

இன்னொன்று. அவனை நீ 'அவன்' என்று எழுத ஆரம்பித்துவிட்டாய். நீயே கவனித்திருக்க மாட்டாய்.

செய்தி இருந்தால் உடனே எழுது. அட்டையில் ரெண்டு வரி போதும்.

சிர்க்கா


(தபால் அட்டை)

துர்க்கு,
நவம்பர் 28

சிர்க்கா,

இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. வீக்கம் இல்லை. நேற்று நாக்கை நீட்டித் தானே பிடித்தான், ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டர், "பார்வை நல்லா இருக்கு, இனிமே பயப்பட வேணாம்" என்றாள். விளக்கை மேலே கட்டி, யாரும் இறக்காதபடி கம்பியை வெல்டிங் செய்துவிட்டேன்.

நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் வீட்டுச் சிர்க்கா இல்லை. ஊர் முழுக்கத் தேடினேன், எங்கும் இல்லை. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ரெய்யோ


ஔலு,
டிசம்பர் 2

என் அன்புள்ள ரெய்யோவுக்கு,

அப்பாடா! ரெண்டு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. வாசலில் பனியில் நின்றபடியே படித்தேன், செருப்பு நனைந்ததுகூடத் தெரியவில்லை.

பிறகு கடைசி வரிகளுக்கு வந்தேன். 'வீட்டுச் சிர்க்கா இல்லை. ஊர் முழுக்கத் தேடினேன், எங்கும் இல்லை. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.' அங்கேயே நின்றுவிட்டேன். ரைலி அட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். "அடி பைத்தியமே, அவர் பூச்சியைச் சொல்றாரு. கடையில பூச்சி வரல, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்குத் தெரியாதா? உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான். பூச்சியைத்தான் சொல்கிறாய். சத்தியமாகப் பூச்சிதான். 'எனக்கு நீ வேண்டும்' என்று எழுத உட்கார்ந்திருந்தால் உனக்குப் பேனா ஓடியிருக்காது, இதுவும் எனக்குத் தெரியும். நீ பூச்சியை நினைத்து எழுதியது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. திருப்பி அனுப்புவதாக இல்லை. நேரில் வந்து விளக்கம் சொல்லி இதைக் கெடுத்துவிடாதே.

மார்கெத்தா அம்மா சொன்ன மூன்று மாதம் ஆகவில்லைதான். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

ஆறாம் தேதி சுதந்திர தினத்துக்கு மறுநாள், சனிக்கிழமை, மத்தியான ரயிலில் வருகிறேன். இங்கே கடையில் பூச்சி இருக்கிறது. நாலு டப்பா வாங்கிவிட்டேன். குளிரில் செத்துவிடாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வருவேன். பெட்டி முழுக்கக் கத்தப்போகிறது, யாராவது கேட்டால் என் பெயரே அதுதான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஹிதாஸை அவன் கூண்டில் விட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, சவுனா அடுப்பை நன்றாக மூட்டி வை. பாவம், ரெண்டு மூணு சனிக்கிழமையாகக் காய்ந்து கிடக்கிறாய்.

நேற்று மறுபடியும் முடி வெட்டிக்கொண்டேன். ஸ்டேஷனுக்கு வரும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் வீட்டுச் சிர்க்கா